மணல்சட்டியில் ஒரு பேட்டரி: டேப்லெட் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனத்தின் இந்தியப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

போன வாரம் உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மூன்றே வரி. என் டேப்லெட்டின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டதாம். அதற்கான பேட்டரி இனி வராதாம். புதிய மாடல்களைப் பார்க்க இதோ இணைப்பாம். அதற்குக் கீழே, எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள். நட்சத்திரம் எதையும் நான் தொடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

உங்கள் பெயரை இதில் எழுதவில்லை. எழுதினால் இது ஒரு கம்பெனி மேல் ஒருத்திக்கு வந்த கோபம் என்று ஆகிவிடும். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் கேட்டுப் பார்த்தேன். நான்கும் வெவ்வேறு கம்பெனி டேப்லெட், கதை மட்டும் ஒன்றுதான். படித்துக்கொண்டே வந்தால் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும். மற்றவர்களுக்கும் உறைத்தால் நல்லதுதான்.

நான் பாளையங்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில், ஆடித் தள்ளுபடி முடிகிற வாரம், உங்கள் டேப்லெட்டை வாங்கினேன். பத்து அங்குலத் திரை, 3 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பிடம், சிம் கிடையாது, வைஃபை மட்டும். 15,499 ரூபாய். அப்போது அது எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம். மகள் ஏழாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் பள்ளி திறந்தது அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான். அதுவரை ஆன்லைன் வகுப்பு. நான் வேலைக்குப் போனால் போனும் என்னோடு போய்விடும். பிள்ளைக்கு வகுப்பு போய்விடும். அதனால்தான் வாங்கினேன், ஆசைக்காக வாங்கவில்லை.

கடையில் உங்கள் நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டையோடு ஒரு தம்பி நின்றார். "அஞ்சாறு வருஷத்துக்குக் கவலையே இல்லக்கா" என்றார். அந்தச் சட்டையை அவருக்குக் கொடுத்தது நீங்கள். அதனால் அந்த வார்த்தையை உங்கள் வார்த்தையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், முதல் இரண்டு வருடம் அது நன்றாகவே உழைத்தது. மகள் அதில் படித்தாள். என் அம்மா அதில் வாரப்பத்திரிகை படித்தார். இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று தெரிந்த அன்று அவர் முகத்தைப் பார்த்தேன். கொடுத்த 15,499 ரூபாய் அன்றைக்கே வசூலாகிவிட்டது என்று நினைத்தேன்.

குறைகள் அப்போதும் இருந்தன. பொறுத்துக்கொண்டோம். 32 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் எங்களுக்கு மிஞ்சியது 19. மீதி 13 உங்கள் சிஸ்டத்துக்கும், நீக்கவே முடியாத ஆப்களுக்கும். 32 கிலோ அரிசி என்று மூட்டை வாங்கி, அதில் சாக்கு மட்டும் 13 கிலோ என்றால் கடைக்காரரை எங்கள் ஊரில் சும்மா விடுவார்களா? பிஸ்கட் பாக்கெட்டில்கூட நிகர எடை அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சரி, மெமரி கார்டு போடலாமே என்று 400 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். படமும் வீடியோவும்தான் அதில் ஏறின. இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஆப்கள் நகர மாட்டேன் என்றுவிட்டன.

நான் வேலைக்குப் போனால் என் போனின் ஹாட்ஸ்பாட்டும் கூடவே போய்விடுகிறது என்பது இரண்டாவது நாளே தெரிந்தது. வீட்டுக்கு பிராட்பேண்ட் போட்டோம். ஆனையை வாங்கிய பிறகு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாதே. எதைத் திறந்தாலும் ஓடிபி என் போனுக்கு வரும். மகள் பக்கத்து வீட்டு அத்தையின் போனிலிருந்து என்னைக் கூப்பிடுவாள், நான் இரும்புக்கடையில் கம்பி எடைக்கு நடுவே ஆறு இலக்கத்தை உரக்கச் சொல்வேன். கடையில் இருந்த எல்லோருக்கும் எங்கள் ஓடிபி தெரியும்.

அம்மா தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் ஹையர் பாஸ். அவர் விரலுக்குத் தெரியாத தமிழ் எழுத்து கிடையாது. அவருக்கு உங்கள் டேப்லெட்டில் ஒரு பக்கம் அடிக்க முடியவில்லை. படுக்கை வாட்டத்தில் வைத்தால் விசைப்பலகை பாதித் திரையை விழுங்கிவிடும், அடிப்பது எது என்று பார்க்க இரண்டு வரிதான் மிஞ்சும். நிமிர்த்தி வைத்தால் கட்டைவிரல் நடுவுக்கு எட்டாது. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று பார்த்தால் திரை தானாகத் திரும்பிக்கொள்ளும். "ஏட்டி, நான் படுத்தா இதுவும் படுக்குது" என்பார். அதை அணைத்து வைக்கலாம், தெரியும். அணைத்தோம். அப்புறம் சில ஆப்கள் நிமிர்ந்துதான் நிற்பேன் என்று அடம்பிடித்தன. போனுக்குச் செய்ததை இழுத்துப் பெரிதாக்கி இங்கே ஒட்டியிருந்தார்கள். பழைய எழுத்துருவில் இருந்த பிடிஎஃப் புத்தகங்களை அது வாசித்துக் காட்டாது, வெறும் கிறுக்கலாக உளறும். அது உங்கள் தப்பில்லை. அதை உங்கள் கணக்கில் எழுத மாட்டேன்.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. டேப்லெட் என்றாலே எல்லோருக்கும் மாற்றாந்தாய்ப் பிள்ளைதான். ஐபேட் 2010-இல் வந்தது. அதில் கூட்டல் கழித்தல் போட ஒரு கால்குலேட்டரை ஆப்பிள் சேர்த்தது 2024-இல். வாட்ஸ்அப் அதற்கென்று தனி ஆப் கொடுத்தது 2025 மே மாதம். ஐபேட் கதியே அது என்றால், ஆடித் தள்ளுபடியில் வாங்கியதைப் பற்றி என்ன சொல்ல.

இதையெல்லாம் நாங்கள் சமாளித்தோம். சமாளிப்பது எங்களுக்குக் கைவந்த கலை. சமாளிக்க முடியாமல் போனது இரண்டு விஷயம்.

முதலாவது அப்டேட். வாங்கிய அடுத்த வருடம் ஒரே ஒரு முறை புதிய ஆண்ட்ராய்டு வந்தது. பாதுகாப்பு அப்டேட்டுகள் அதற்குப் பிறகும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. கடைசியாக வந்ததன் தேதி 2023 செப்டம்பர் 1. அதாவது வாங்கி இரண்டு வருடம். நிறுத்துகிறோம் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லவில்லை. நான் மாதாமாதம் அமைப்புகளைத் திறந்து பார்ப்பேன். "உங்கள் சிஸ்டம் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று பச்சை டிக்கோடு காட்டும். நான்தான் நம்பிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மகள் ஒரு பயிற்சி ஆப்பை இறக்கப் போனபோது, இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று வந்தது. அன்றுதான் அந்தப் பச்சை டிக்குக்குக் கீழே இருந்த தேதியை மகள் காட்டினாள். டாக்டர் வருவதை நிறுத்திவிட்டு, போகும்போது கதவில் "நோயாளி நலம்" என்று எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. புதிதாக அனுப்ப எங்களிடம் எதுவும் இல்லை, இனி அனுப்பவும் மாட்டோம் என்பதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

இரண்டாவதுதான் பேட்டரி.

உங்கள் சார்ஜர் பெட்டியோடு வந்ததுதான். இரவு பத்து மணிக்குச் செருகினால் இரண்டு மணிக்கு நிறையும். யார் விழித்திருப்பது? விடியும்வரை செருகியபடியே கிடக்கும். லித்தியம் பேட்டரியை முழுக்க நிறைத்து, சூட்டிலேயே நாள்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் ரசாயனம் சிதைந்து வாயுவாகும், பேட்டரியின் பை உப்பும். எங்கள் ஊர் அக்னி நட்சத்திரம் உங்களுக்குத் தெரியாததில்லை, இங்கேதானே விற்கிறீர்கள். 80 சதவீதம் ஏறியதும் சார்ஜை நிறுத்திக்கொள்ளும் வசதியைப் புதிய மாடல்களில் கொடுத்திருக்கிறீர்கள். அது மென்பொருள் வேலை. எங்கள் மாடலுக்கும் ஓர் அப்டேட்டில் அனுப்பியிருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

இந்த வருடம் செப்டம்பரில் ஒரு நாள் அம்மா கூப்பிட்டார். "ஏட்டி, இங்க பாரு, இதுக்கு வயிறு உப்பியிருக்கு." இடப்பக்க ஓரத்தில் திரை சட்டத்தைவிட்டு எழும்பியிருந்தது. இடைவெளியில் என் நகம் போனது. உள்ளிருந்து வெளிச்சம் கசிந்தது. மேசையில் வைத்தால் நேராக உட்காராமல் ஆடியது.

உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். டோக்கன் போட்டு நாற்பது நிமிடம். கவுண்டரில் இருந்த தம்பி அதைக் கையில் வாங்கவே இல்லை. எட்ட நின்று பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். "அக்கா, இந்த மாடலுக்கு ஸ்பேர் வரலக்கா." எக்ஸ்சேஞ்ச்? "உப்பின பேட்டரி இருந்தா எடுக்க மாட்டோம்க்கா." சரி, இதை என்ன செய்வது, நீங்களே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "இங்க வாங்குறதில்லக்கா. கூரியர்லயும் அனுப்பக் கூடாது." அவர் சொன்னது சரிதான், உப்பிய லித்தியம் பேட்டரியைக் கூரியரில் அனுப்பக் கூடாதுதான். ஆனால் அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில் பச்சைக் கலரில் ஒரு போஸ்டர். உங்கள் பழைய மின்னணுப் பொருட்களை எங்களிடம் ஒப்படையுங்கள், பூமியைக் காப்போம். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் என்ன இருக்கிறது.

அடுத்து எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் மொபைல் கடை. "உங்க ரிஸ்க்குக்கா, டிஸ்ப்ளே போச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டார். சூடான காற்று ஊதும் கருவியை ஓரத்தில் காட்டினார். மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை இடுக்கில் நுழைத்து, அரை அங்குலம் நகர்த்துவார், நிறுத்துவார், மறுபடி சூடு. பிரியும்போது பசை கம்பிப் பாகு மாதிரி இழை இழையாக நீண்டது. பேட்டரியும் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தது. உப்பிப்போன ஒன்றை நெம்பி எடுப்பது என்றால் என்ன என்று அவர் நெற்றியைப் பார்த்தால் தெரிந்தது. ஃபேனை அணைக்கச் சொல்லி, வாளியில் மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார். ஐம்பது நிமிடம் ஆனது. திரையின் மூலையில் முடியளவு விரிசல் விழுந்தது. "நாலு ஸ்க்ரூ போட இடம் கெடக்குக்கா உள்ள. இவன் பசையப் போட்டு வச்சிருக்கான்" என்றார். இவன் என்றது உங்களைத்தான். கோபத்தில் சொன்னது, மன்னித்துவிடுங்கள்.

வேறு பேட்டரி போட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். மேசையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பெனி பெயர் கிடையாது, தேதி கிடையாது. "போட்டுருவேன். ராத்திரி இதப் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பிள்ளை தூங்கும்லா? வேண்டாம்க்கா" என்றார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். எனக்கு விற்காமல் விட்ட ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் வீட்டு கிரைண்டர் 2006-இல் என் கல்யாணச் சீராக வந்தது. மூன்று முறை பெல்ட் மாற்றியிருக்கிறோம், ஒரு முறை கல் கொத்தியிருக்கிறோம். திருநெல்வேலி டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும் பெல்ட் எடுத்துத் தருவார்கள். அந்த கிரைண்டர் கம்பெனியையே மூடிவிட்டார்கள். பெல்ட் மட்டும் கிடைக்கிறது. நீங்கள் மூடவில்லை. வருடத்துக்கு நாலு புது மாடல் விடுகிறீர்கள்.

பேட்டரியையும் பழைய மாடலையும் காலமெல்லாம் கட்டிக்கொண்டு அழ முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். முடியும் என்று இன்னோர் இடத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறீர்களே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும் விதி வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 வருடத்துக்கு உதிரி பாகங்கள் பழுதுபார்ப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அப்டேட் 5 வருடம். பேட்டரி 800 தடவை ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று ஏ முதல் இ வரை தரம் போட்டு லேபிளில் காட்ட வேண்டும். என்னுடைய 2021 டேப்லெட்டுக்கு அந்த விதி பொருந்தாது, பாளையங்கோட்டை ஐரோப்பாவில் இல்லை, இரண்டும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கேயும் உங்கள் கடை இருக்கிறது. அங்கே விற்கும் டேப்லெட்டுக்கு ஏழு வருடம் பாகம் வைத்திருக்கத் தெரிந்த உங்களுக்கு, அதையே இங்கே விற்கும்போது மட்டும் கிடங்கில் இடம் இல்லாமல் போகுமா?

இங்கேயும் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. மொபைல், டேப்லெட் எல்லாம் அதில் உண்டு. எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பொருட்களுக்கு மதிப்பெண் போடுவதற்காக அமைத்த குழுவும் 2025-இல் அறிக்கை கொடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், விற்ற பொருளின் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கின்றன. சுவரில் போஸ்டர் ஒட்டியதோடு அந்தப் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இனி நான் கேட்பவை.

என் மாடலுக்கு உங்கள் பெயர் போட்ட பேட்டரி வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை. விலையைச் சொல்லுங்கள், தருகிறேன். இந்தியாவில் எந்தக் கிடங்கிலும் ஒன்றுகூட இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுங்கள். கடைசியாக அந்த மாடலை எந்த மாதம் இங்கே விற்றீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். என் கணக்குப்படி 2023 தொடக்கத்தில்கூடக் கடையில் இருந்தது. அன்றைக்கு வாங்கியவருக்கு அப்டேட் எட்டு மாதம்தான் கிடைத்திருக்கும்.

இனி விற்கும் ஒவ்வொரு டேப்லெட்டின் பெட்டியிலும் இரண்டு விஷயத்தை அச்சடியுங்கள். பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை வரும், வாங்குபவருக்கு மிஞ்சும் இடம் எத்தனை ஜிபி. தமிழிலும் அச்சடியுங்கள். மருந்துப் பட்டையில் காலாவதித் தேதியைத் தேடிப் படிக்கப் பழகிவிட்ட எங்களுக்கு இதையும் படிக்கத் தெரியும். தேதி முடிந்த டேப்லெட்டில் அந்தப் பச்சை டிக்கை எடுத்துவிட்டு, இனி அப்டேட் கிடையாது என்று காட்டுங்கள்.

பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடிகிற மாதிரி வையுங்கள். ஸ்க்ரூ போடுங்கள், அல்லது இழுத்தால் வந்துவிடுகிற பட்டையாவது போடுங்கள். மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பசை என்று சொல்வீர்கள். ஒரு மில்லிமீட்டர் கூடினால் எங்கள் வீட்டில் யாரும் கவலைப்பட மாட்டோம். வாங்கிய அன்றே அதற்கு ஒரு தடிமனான உறை போட்டுவிட்டோம்.

உதிரி பாகங்களையும் அவற்றின் விலைப்பட்டியலையும் வெளிக்கடைகளுக்கும் கொடுங்கள், ஐரோப்பாவில் தருகிற அதே ஏழு வருடத்துக்கு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தம்பிக்கு உங்கள் பேட்டரியைத் தந்தால் அவர் பெயரில்லாத பேட்டரியை மேசையில் வைத்திருக்க வேண்டியதே இல்லை. 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் பழைய மாடல்களுக்கும் அனுப்புங்கள். இன்னும் உப்பாமல் இருக்கும் டேப்லெட்டுகள் எத்தனையோ வீடுகளில், பிள்ளைகளின் தலைமாட்டில், சார்ஜில் கிடக்கின்றன.

இந்த மடலின் நகலைத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில், 1915 என்ற எண்ணில், பதிவு செய்யப்போகும் புகாரோடு சேர்த்து அனுப்புகிறேன். முப்பது நாள் பார்ப்பேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில், பெட்டி, சர்வீஸ் சென்டர் டோக்கன், பச்சை டிக் காட்டும் திரையின் படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கணக்கு எழுதுகிறவள் சீட்டைத் தூக்கிப் போட மாட்டாள்.

கடைசியாக ஒன்று, இதற்கு முப்பது நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். கழற்றிய பேட்டரியை அந்தத் தம்பி என்னிடமே கொடுத்துவிட்டார். தண்ணீரில் போடாதீங்க, வெயில்ல வைக்காதீங்க, குப்பைவண்டியில போடவே போடாதீங்க என்றார். வீட்டுக்கு வெளியே, படிக்கட்டுக்கு அடியில், ஒரு மண்சட்டியில் மணல் நிரப்பி அதில் வைத்திருக்கிறேன். தெருப்பிள்ளைகள் எடுத்துவிடக் கூடாது என்று மேலே அம்மிக்குழவியை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் வாசல் தெளிக்கும்போது அந்தப் பக்கம் தண்ணீர் போகாமல் பார்த்துத் தெளிக்கிறேன். மழைக்காலம் தொடங்கிவிட்டது. அதை எடுத்துப் போக யாரை அனுப்புகிறீர்கள், எந்தத் தேதியில் என்று மட்டும் இந்த வாரமே எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்